டிராகன் ஃப்ரூட் தண்டுல இருந்து இறக்கி சொந்த வேர்ல நிக்க வச்ச ஆஸ்ட்ரோஃபைட்டம்: கத்தி வச்சதுல இருந்து ஷோ மேஜை வரைக்கும்

ஷோவுக்குன்னு கள்ளி வளர்க்குறவங்க எல்லாரும் முதல்ல மனசுல வச்சுக்க வேண்டிய விஷயம், இந்தச் செடிக்கு உதிர்க்கிறதுக்கு இலை கிடையாது. ரோஜாவுல ஒரு இலை கருகினா கிள்ளிப் போட்டுட்டு அடுத்த தளிருக்குக் காத்திருக்கலாம், கள்ளிக்கு உடம்பேதான் இலை, அதுல ஒரு வெயில் சூடு பட்டாலோ செம்பேன்ங்கிற கண்ணுக்குத் தெரியாத சின்னப் பேன் சுரண்டினாலோ அந்தத் தழும்பு வருஷக்கணக்கா கூடவே இருக்கும், செடி வளர வளர கீழ இறங்குமே தவிர மறையாது. ஜட்ஜ் டார்ச் அடிச்சுப் பாக்குறது இன்னிக்கு செடி எப்படி இருக்குன்னு மட்டும் இல்ல, இத்தனை வருஷமா அதை எப்படி வச்சிருந்தோம்ங்கிறதும்தான். அதனால இந்தப் பதிவுல நான் எழுதுற எல்லா வேலைக்கும் பின்னாடி இருக்குற கேள்வி ஒண்ணுதான், தோல்ல கோடு விழாம இதை எப்படி செய்யறது.

செடி ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ், அதுல ஜப்பான்காரங்க பிரிச்சு எடுத்த சூப்பர் கபுடோ ரகம். முள்ளே இல்லாத கள்ளி, மேல இருந்து பாத்தா எட்டு பாகமா வகிர்ந்த தட்டையான வட்டம், ஒவ்வொரு பாகத்து நடுவுலயும் பஞ்சு பட்டன் வரிசையா தச்ச மாதிரி ஏரியோல் (மத்த கள்ளில முள் முளைக்குற இடம்), உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. சூப்பர் கபுடோவுல அந்தப் புள்ளி ரொம்ப பெருசா அடர்த்தியா இருக்கும். இதோட சொந்த ஊர் மெக்சிகோவோட வடகிழக்குப் பக்கம், டமௌலிபாஸ், நுவோ லியோன், அப்புறம் எல்லை தாண்டி டெக்சாஸ்ல ஸ்டார் கவுன்ட்டி. 1845-ல இதுக்கு அறிவியல் பேர் வச்சாங்க. காட்டுல இது புதர் நிழல்ல மண்ணோட மண்ணா உக்காந்திருக்கும், தண்ணி இல்லாத காலத்துல சுருங்கி தரை மட்டத்துக்கே போயிடும், அப்ப கால்ல மிதிச்சாக்கூட தெரியாது. திருட்டுத்தனமா தோண்டி எடுத்தும் நிலத்தைத் திருத்தியும் குறைச்சுட்டாங்க, 1993-ல அமெரிக்கா இதை அழியும் நிலையில இருக்குற இனமா அறிவிச்சுச்சு. கள்ளிக் குடும்பத்துல பெரும்பாலானது சைட்டிஸ்ங்கிற, அழியுற உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கு, இது முதல் பட்டியல்ல இருக்கு, அங்கதான் கட்டுப்பாடு ரொம்பக் கடுமை. நம்ம கைக்கு வர்றது எல்லாம் விதையில இருந்து வந்ததா இருக்கணும், இருக்கான்னு கேட்டு வாங்கணும், இதுல எனக்கு விட்டுக்கொடுக்குற எண்ணமே கிடையாது.

எனக்குக் கிடைச்சது மூணு செடி, மூணுமே டிராகன் ஃப்ரூட் தண்டு மேல ஒட்டுப் போட்டது. நம்ம ஊர் நர்சரில கிடைக்குற ஆஸ்ட்ரோஃபைட்டம், ஜிம்னோகேலிசியம் மாதிரி கள்ளில முக்கால்வாசி இப்படித்தான் வரும், மேற்கு வங்காளத்துல காலிம்போங் பக்கத்துல இருந்து வந்தாலும் சரி தாய்லாந்துல இருந்து வந்தாலும் சரி. விக்கிறவங்களுக்கு அது நல்ல வழி, விதைச் செடி சொந்த வேர்ல பூக்க அஞ்சாறு வருஷம் ஆகும், ஒட்டுல ரெண்டு வருஷத்துக்குள்ள பூத்துடும். ஆனா டிராகன் ஃப்ரூட் தண்டு ஓயாம தண்ணியையும் சத்தையும் மேல தள்ளிக்கிட்டே இருக்கும், தட்டையா இருக்க வேண்டிய செடி உருண்டை லட்டு மாதிரி ஊதிடும், சில சமயம் தாங்காம தோல் வெடிச்சிடும், வெடிச்சா அந்தச் செடியோட ஷோ வாழ்க்கை அத்தோட போச்சு. இன்னொண்ணு, அந்தத் தண்டுக்கு ஆயுசு கம்மி, சில வருஷத்துல மரத்துப்போய் வத்திடும், மேல இருக்குற செடியும் கூடவே தொங்கிடும். தண்டு இன்னும் பச்சையா இருக்கும்போதே இறக்கிடணும்.

இறக்குறதுக்கு நான் எடுத்துக்கிட்டது பிப்ரவரி. நான் இருக்குறது தென்சென்னைல மடிப்பாக்கம் பக்கம், மொட்டை மாடித் தோட்டம். இங்க அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் காத்துல ஈரம் சொட்டும், அப்ப வெட்டின காயம் ஆறவே ஆறாது. ஏப்ரல் மே வந்தா செடி வெயில்ல திணறி வேலையை நிறுத்திடும். பொங்கல் முடிஞ்சு பனி விலகி பகல்ல சூடும் ராத்திரில கொஞ்சம் குளிர்ச்சியும் இருக்குற அந்த ஒன்றரை மாசம்தான் வெட்டு வேலைக்குத் தோது. வெட்டுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தண்ணியை நிறுத்திட்டேன், உடம்பு லேசா இளகி இருந்தா வெட்டும்போது தோல் விரியாது.

கத்தி விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. ஸ்டேஷனரி கடையில கிடைக்குற மெல்லிசான கட்டர் பிளேடு புதுசா ஒண்ணு, ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்ல துடைச்சு. ஒட்டு சேர்ந்த கோட்டுக்கு ஒரு மயிரிழை மேல, ஆஸ்ட்ரோஃபைட்டத்தோட சதையிலயே வெட்டணும், அறுக்குற மாதிரி முன்ன பின்ன இழுக்காம ஒரே இழுப்பு. வெட்டின முகத்தைப் பாத்தா நடுவுல ஒரு வளையம் தெரியும், அதுதான் செடியோட நரம்புக் குழாய், புது வேர் அங்க இருந்துதான் வரும். அந்த வளையத்துக்குள்ள டிராகன் ஃப்ரூட்டோட மரத்துண்டு கொஞ்சமாவது ஒட்டிக்கிட்டு இருந்தா இன்னும் ஒரு மெல்லிசு சீவணும், விட்டா அது உள்ளயே அழுகி மேல ஏறும். ஒரு செடில நான் ரெண்டு தடவை சீவ வேண்டி வந்துச்சு. சுத்தமான முகம் வெள்ளை கலந்த இளம்பச்சையா ஈரமா பளபளன்னு இருக்கும், ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளிகூட இருக்கக் கூடாது.

அப்புறம் ஓரத்தைச் சரிவா செதுக்கினேன், பென்சில் சீவுற கோணத்துல, தோல் ஓரம் முழுக்க சுத்தி. இதை நிறைய பேர் விட்டுடுவாங்க. காயம் காயும்போது நடுச்சதை உள்ள சுருங்கும், தோல் சுருங்காது, ஓரம் செதுக்காம விட்டா கிண்ணம் மாதிரி குழி விழுந்து வேர் உள்ளுக்குள்ளயே முட்டிக்கிட்டு நிக்கும், தண்ணி வேற அங்க தேங்கும். செதுக்கிட்டா நடு வளையம் கீழ்நோக்கித் துருத்திக்கிட்டு நிக்கும், வேர் நேரா மண்ணுக்குள்ள இறங்கும். முகத்துல சாஃப்ங்கிற பூஞ்சை மருந்துப் பவுடர் லேசா தூவி, நடு வளையத்துல மட்டும் ஐபிஏ வேர் ஹார்மோன் பவுடர் ஒரு தொட்டு.

காய வைக்கும்போது செடியைக் கவுத்துப் போடாம, காலி டீ கப் வாய்ல உக்கார வச்சேன், வெட்டு முகம் கீழ பாத்து, எதுலயும் படாம. கப் ஓரத்துல தோல் அழுந்தி கோடு விழக் கூடாதுன்னு சுத்தியும் டிஷ்யூ மடிச்சு வச்சேன். நிழல், காத்தோட்டம், ராத்திரி டேபிள் ஃபேன் ரொம்ப மெதுவா. விரல் நகத்தால தட்டினா தோல் செருப்புல தட்டுற மாதிரி சத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும், சென்னைல அதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும், அவசரப்பட்டு முன்னாடியே மண்ல வைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்ல, இந்த உடம்புக்குள்ள மாசக்கணக்குல தாங்குற தண்ணி இருக்கு.

வேர் விட வைக்கிறதுக்கு வெறும் பியூமிஸ், அதாவது நுரை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குற எரிமலைக் கல், 3 மில்லிமீட்டர் அளவு, கழுவிக் காய வச்சது, வேற எதுவும் இல்ல. அது மேல செடியைச் சும்மா உக்கார வச்சேன், புதைக்கல. முதல் ரெண்டு வாரம் சொட்டுத் தண்ணி இல்ல. அதுக்கப்புறம் சாயங்காலத்துல தொட்டி ஓரமா மட்டும் ஸ்ப்ரே, செடி மேல படாம. பியூமிஸ் உள்ள இருந்து மேல வர்ற அந்த லேசான ஈர ஆவிதான் வேரைக் கூப்பிடும். இந்தச் சமயத்துல செடி சுருங்கும், நல்லாவே சுருங்கும், பாக்கப் பாவமா இருக்கும், எங்க அம்மா பாத்துட்டு "என்னடா இது, காஞ்ச நெல்லிக்காய் கணக்கா ஆயிடுச்சு, தண்ணி ஊத்துடா"ன்னு தினமும் சொல்லுவாங்க. ஊத்தக் கூடாது. தூக்கிப் பாக்கவும் கூடாது, வளையத்துல மொட்டு மாதிரி வர்ற முதல் வேர் நுனி கை பட்டாலே ஒடிஞ்சிடும். வேர் வந்துடுச்சான்னு தெரிஞ்சுக்க நான் பண்றது, செடியோட பக்கத்துல ஒரு விரலை வச்சு ரொம்ப மெல்ல ஒரு தள்ளு, அசையாம நின்னா வேர் பிடிச்சிருக்கு. ஒண்ணு மார்ச் கடைசியில நின்னுச்சு, ரெண்டாவது ஏப்ரல் நடுவுல, மூணாவது மே வரைக்கும் இழுத்துச்சு.

இந்தச் சுருக்கம் ஒரு விதத்துல நமக்கு நல்லது. ஒட்டுல ஊதிப்போன உடம்பு வத்தி இறங்கும்போது பழைய தட்டை வடிவம் திரும்ப வரும், சொந்த வேர்ல திரும்ப தண்ணி ஏறும்போது அது தேவையான அளவுக்குத்தான் நிறையும். மூணு செடியும் அடுத்த வருஷத்துக்குள்ள காட்டுல இருக்குற உருவத்துக்குக் கிட்டத்தட்ட வந்துடுச்சு, பக்கவாட்டு உயரம் குறைஞ்சு, நடு உச்சி லேசா குழிஞ்சு. ஒட்டுச் செடியையும் சொந்த வேர்ச் செடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், ரெண்டும் ஒரே இனமான்னு சந்தேகமே வந்துடும்.

நிரந்தரக் கலவை பத்தி. மழைக்காலத்துக்கு முன்னாடி இதுக்கு மாத்தினேன்: பியூமிஸ் அஞ்சு பங்கு, பொடிச்ச செங்கல் ரெண்டு பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு, சலிச்ச இலை மக்கு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. எல்லாத்தையும் 2 மில்லிமீட்டர் சல்லடையில சலிச்சு அடியில விழுற தூளைத் தூக்கிப் போட்டுடணும், முக்கியமா செங்கல் தூளை, அதுதான் நாளாக நாளாக அடியில போய் சேறாகி ஓட்டையை அடைக்கும். செம்மண் கலக்குறதில்ல, நம்ம ஊர் ஈரத்துல அது இறுகி காத்தே போகாது. தேங்காய் நார்த்தூளும் பெரிய செடிக்கு வேண்டாம், நர்சரில இருந்து வர்றப்ப வேரைச் சுத்தி அதுதான் இருக்கும், பாதுகாப்பா வர்றதுக்கு அது சரி, ஆனா நம்ம ஊர் மழைல அது ஒரு வாரம் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், ஒரு தடவை முழுசா காஞ்சா திரும்ப தண்ணியே குடிக்காது. பியூமிஸ் இந்தோனேசியால இருந்து வர்றதால விலை கூட, கட்டுப்படி ஆகலைன்னா செங்கல் பங்கைக் கூட்டிக்கலாம், நல்லா வெந்த செங்கலா இருக்கணும், வேகாத செங்கல் ஊறிக் கரைஞ்சிடும். கலவை சரியான்னு பாக்குறதுக்கு, ஒரு டம்ளர் தண்ணி ஊத்தினா நின்னு யோசிக்காம அடியில ஓடணும், தொட்டி மூணு நாலு நாள்ல முழுசா காயணும், அவ்ளோதான்.

தண்ணிதான் எனக்கு ரொம்ப யோசனையான விஷயம். எங்க தெரு போர் தண்ணி, கரைஞ்ச உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர்ல ஆயிரத்துக்கு மேல காட்டும், அதைச் செடி மேல ஊத்தினா காஞ்சதும் வெள்ளைச் சுண்ணாம்புத் திட்டு நிக்கும். முள்ளுக் கள்ளியில வினிகர் தொட்டுத் துடைச்சுக்கலாம், ஆஸ்டீரியாஸ்ல தொடவே முடியாது, ஏன்னா அந்த வெள்ளைப் புள்ளி எல்லாம் மெல்லிசு மயிர்க் குஞ்சம், தேய்ச்சா உதிர்ந்துடும், உதிர்ந்த இடத்துல திரும்ப முளைக்காது. ஆர்ஓ மிஷின்ல கழிவா வெளிய வர்ற தண்ணியை ஊத்துறவங்க இருக்காங்க, போர் தண்ணியை விட அதுல உப்பு கூட, வேண்டவே வேண்டாம். நான் பண்றது, ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணியை டிரம்ல பிடிச்சு துணி கட்டி மூடி வச்சுக்கறது, மழைத் தண்ணி தீர்ந்தா கோடையில ஏசில இருந்து சொட்டுற தண்ணி. ஊத்துறது எப்பவும் தொட்டி ஓரத்துல, நீளமான மூக்கு வச்ச பாட்டில்ல.

அக்னி நட்சத்திரம். இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா வெயில் செடிதானேன்னு நெனைச்சு மே மாசம் நிறைய தண்ணி ஊத்துறவங்க செடியை இழக்குறாங்க. கள்ளி பகல்ல மூச்சுத் துளையை மூடிக்கும், ராத்திரி குளிர்ந்த அப்புறம்தான் திறந்து கரியமில வாயுவை உள்ள இழுத்து அமிலமா சேர்த்து வச்சு, மறுநாள் பகல்ல வெளிச்சத்துல அதை வச்சு உணவு பண்ணும். பாலைவனத்துல பகல் எவ்ளோ கொதிச்சாலும் ராத்திரி சட்டுனு குளிர்ந்துடும். சென்னைல மே மாசம் ராத்திரியும் 29, 30 டிகிரி, கூடவே கடல் ஈரம். ராத்திரி குளிராததால துளை சரியா திறக்காது, திறக்காததால செடி வேலை பண்ணாது, வேலை பண்ணாத செடியோட வேர் தண்ணி குடிக்காது, குடிக்காத தண்ணி சூடான தொட்டிக்குள்ள வேரை அவிச்சிடும். அதனால மே மாசத்தை நான் ஓய்வுக் காலமா எடுத்துக்கறேன், பொழுது சாஞ்ச அப்புறம் பத்து நாளைக்கு ஒரு தடவை ஓரமா கொஞ்சம், அவ்ளோதான். வழக்கமா இருக்குற 50 சதவீத ஷேட் நெட்டுக்கு மேல இன்னொரு வலை. தொட்டி சுவத்துலயும் வெயில் அடிக்கக் கூடாது, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மத்தியானம் கை வைக்க முடியாத சூடு ஏறும், ஒரு தொட்டியை இன்னொரு பெரிய மண் தொட்டிக்குள்ள இறக்கி இடைவெளில ஜல்லி போட்டு வச்சேன்.

ஆனா தழும்பு விழுற ஆபத்து மே மாசத்தை விட டிசம்பர் கடைசியிலதான் ஜாஸ்தி. ரெண்டு மாசம் மேகமூட்டத்துல இருந்த தோல் இளசா இருக்கும், திடீர்னு மேகம் விலகி நாலு நாள் பளிச்சுனு வெயில் அடிச்சா அந்த இதமான வெயில்லயே தெற்குப் பக்கம் வெளுத்து மஞ்சளாகி அப்புறம் பழுப்பா மரத்துடும். மழை விட்டதும் வலையை எடுக்காம இன்னும் மூணு வாரம் விட்டு வைக்கணும்.

மழையில நான் ஒரு செடியைக் கிட்டத்தட்ட இழந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். மொட்டை மாடில இரும்பு ஃப்ரேம், 200 மைக்ரான் யுவி ஷீட் கூரை எல்லாம் போட்டிருந்தேன், புயல் எச்சரிக்கை வந்த அன்னிக்கே செடிகளை ஹால்ல இறக்கிட்டேன். தெருவுல முழங்கால் தண்ணி, நாள்கணக்கா கரண்ட் இல்ல, ஃபேன் இல்ல, வெளிச்சம் இல்ல, வீட்டுக்குள்ள சுவரே வேர்த்துச்சு. மனுஷங்களுக்கே குடிக்கத் தண்ணி இல்லாம அலைஞ்ச நேரம், செடியைப் பத்தி யோசிக்கிற நிலைமை யாருக்கும் இல்ல. எல்லாம் அடங்கி திரும்ப மேல ஏத்தும்போது மூணுல ஒண்ணு, மண்ணை ஒட்டின இடத்துல நிறம் மாறி இருந்துச்சு, பச்சை போய் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி.

இந்த நிலைமைல யோசிக்கவே கூடாது, உடனே கத்திதான். வெளிய எடுத்து அடியில இருந்து மெல்லிசு மெல்லிசா சீவினேன், ஒவ்வொரு சீவலுக்கும் பிளேடை ஸ்பிரிட்ல துடைச்சு, ஏன்னா அழுகலை நாமளே பிளேடுல ஏத்தி மேல கொண்டு போயிடுவோம். நடு வளையத்துல ஆரஞ்சு பழுப்புப் புள்ளி தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, சதை வெள்ளையா இருந்தாலும் வளையத்துல புள்ளி இருந்தா அழுகல் இன்னும் மேல போயிருக்குன்னு அர்த்தம், நிறுத்தக் கூடாது. கடைசில சுத்தமான முகம் வந்தப்ப மிச்சம் இருந்தது உச்சியில விரல் தடிமன் உள்ள ஒரு தட்டு. அந்த ஈரத்துல அதைக் காய வச்சு வேர் விட வைக்கிறது நடக்காத காரியம், அதனால திரும்ப டிராகன் ஃப்ரூட் மேலயே ஏத்தினேன். தண்டோட நுனியை வெட்டி மூணு மூலையையும் சரிச்சு, ரெண்டு முகத்தோட வளையமும் ஒரு இடத்துலயாவது குறுக்கே சந்திக்கிற மாதிரி கொஞ்சம் தள்ளி வச்சு, ரப்பர் பேண்ட் ரெண்டு குறுக்கும் நெடுக்குமா. ரப்பர் பேண்ட் நேரா தோல்ல பட்டா கோடு விழும், நடுவுல பஞ்சு வச்சேன். அந்த மாசத்துல ஒட்டு பிடிக்கிறது கஷ்டம், அதனால எல்இடி டியூப் கீழ ரூம்லயே வச்சிருந்தேன், பிடிச்சுக்கிச்சு. அது ஷோவுக்கு இனி வராது, ஆனா உயிரோட இருக்கு, இப்ப நல்லா பூக்குது. ஒட்டு மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல, இந்த மாதிரி நேரத்துக்கு அதை விட்டா வேற கதி கிடையாது, நல்லா இருக்குற செடியைக் கடைசி வரைக்கும் அதுலயே வச்சிருக்கறதுதான் எனக்கு உடன்பாடு இல்ல.

பூச்சி. ஆஸ்டீரியாஸ்ல மாவுப்பூச்சி கண்டுபிடிக்கிறது மத்த கள்ளியை விட சிரமம், ஏரியோலே வெள்ளைப் பஞ்சு, பூச்சியும் வெள்ளைப் பஞ்சு. நகை பாக்குற பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், வாரம் ஒரு தடவை டார்ச்சோட உக்காந்து பாக்கறது. அதுக்கு முன்னாடியே தகவல் சொல்றது எறும்பு, தொட்டியைச் சுத்தி எறும்பு நடமாட்டம் ஆரம்பிச்சா எங்கயோ மாவுப்பூச்சி வந்துடுச்சுன்னு அர்த்தம், ஸ்டாண்டு கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல வச்சா எறும்பு ஏறாது. மத்த செடில பட்ஸ்ல ஸ்பிரிட் தொட்டு எடுக்குற மாதிரி இதுல எடுத்தா புள்ளி எல்லாம் ஒட்டிப் படிஞ்சிடும், அதனால பல் குச்சி நுனியால ஒண்ணொண்ணா எடுத்துட்டு, இமிடாகுளோப்ரிட் 17.8 எஸ்எல்ங்கிற பூச்சி மருந்தை லிட்டருக்கு அரை மில்லி கலந்து மண்ல ஊத்துவேன், வேர்ல இருக்குற மாவுப்பூச்சிக்கும் அதுதான். பூ இருக்குற சமயத்துல ஊத்தாதீங்க, தேனீ வரும். செம்பேனுக்கு இது வேலை செய்யாது, அது பூச்சி வகையே இல்ல, அதுக்குன்னு தனி மருந்து வேணும், நனையும் கந்தகம் போடுறவங்க வெயில் 32 டிகிரி தாண்டுற நாள்ல போடாதீங்க, மருந்தே தோலைச் சுட்டுடும்.

ஷோவுக்கு வருவோம். பிரிட்டன்ல கள்ளிச் சங்கத்து ஷோக்கள்ல தொட்டி அளவை வச்சுப் பிரிவு பிரிப்பாங்க, அமெரிக்கால லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல வருஷா வருஷம் நடக்குற இன்டர்சிட்டி ஷோவுல ஒட்டுச் செடிக்குத் தனிப் பிரிவே இருக்கு. நம்ம நாட்டுல ஹரியானாவுல பஞ்ச்குலாவுல 1987-ல ஆரம்பிச்ச தேசியக் கள்ளித் தோட்டம் இருக்கு, ஏழு ஏக்கர், அங்க வருஷா வருஷம் கள்ளிக் கண்காட்சி நடக்கும், இந்த ஹாபில இருக்குறவங்க வாழ்நாள்ல ஒரு தடவையாவது பாக்க வேண்டிய இடம். நான் வச்சது அந்த அளவுக்கெல்லாம் இல்ல, உள்ளூர் வளர்ப்பாளர்கள் சேர்ந்து பிப்ரவரில ஒரு ஹால்ல நடத்துன சின்ன ஷோ, 15 சென்டிமீட்டர் தொட்டிக்கு உட்பட்ட கள்ளிப் பிரிவு.

தயாரிப்பு ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. மாசத்துக்கு ஒரு தடவை தொட்டியைக் கால் சுத்து திருப்பி வைக்கறது, இல்லன்னா செடி வெளிச்சத்துப் பக்கம் சாஞ்சு எட்டு பாகமும் ஒரே அளவா வராது. மூணு மாசம் முன்னாடி ஷோ தொட்டிக்கு மாத்தினேன், மங்கலான பழுப்பு நிறத்துல சுட்ட தொட்டி, பூ வேலைப்பாடு எதுவும் இல்லாதது, பாக்குறவங்க கண்ணு தொட்டிக்குப் போகக் கூடாது. மேல சாம்பல் நிற கருங்கல் சிப்ஸ், 3 மில்லிமீட்டர். மீன் தொட்டிக் கலர் கல்லு இதுக்கு ஒத்தே வராது, வெள்ளை மார்பிள் சிப்ஸும் வேண்டாம், செடியோட வெள்ளைப் புள்ளி அது பக்கத்துல மங்கிப் போயிடும். கல்லு போட்ட அப்புறம் செடியோட அடியில மரப்பட்டை மாதிரி பழுப்பா இறுகின கார்க் பகுதி மறைஞ்சு தரையோட உக்காந்த மாதிரி வந்துச்சு. கார்க் நோய் இல்ல, வயசாகும்போது தானா வர்றது, ஜட்ஜ்களுக்கு அது தெரியும்.

தூசி எடுக்க பிரஷ் பயன்படுத்தல, கேமரா லென்ஸுக்கு வர்ற ரப்பர் பிளோயர், அது மட்டும்தான். எண்ணெய், லீஃப் ஷைன் எல்லாம் எந்தக் கள்ளிக்கும் தடவாதீங்க, மூச்சுத் துளை அடைஞ்சிடும், ஜட்ஜும் பளபளப்பைப் பாத்த உடனே ஒதுக்கிடுவார். எச்சவேரியா மாதிரி மேல மாவு படிஞ்ச சக்குலன்ட் வைக்கிறவங்க இன்னும் ஜாக்கிரதை, விரல் பட்ட இடம் விரல் பட்ட இடமாவே இருக்கும், அதை இலை அடியில கூடப் பிடிக்காம தொட்டியை மட்டும் பிடிச்சுத் தூக்கணும். லேபிள்ல இனப் பேர் முழுசா, ரகப் பேர் ஒற்றை மேற்கோள் குறிக்குள்ள, கையெழுத்து தெளிவா. காருக்கு தெர்மாகோல் பெட்டில தொட்டி அளவுக்கு ஓட்டை வெட்டி இறக்கினேன், செடி மேல எதுவும் படாத மாதிரி, வேளச்சேரி ரோட்டுப் பள்ளத்துக்கு அது தேவைப்பட்டுச்சு.

ஜட்ஜா வந்தவர் முப்பது நாப்பது வருஷமா வளர்க்குற பெரியவர். ஒவ்வொரு பாகத்துக்கு நடுவுலயும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "தம்பி, சொந்த வேரா?"ன்னு கேட்டார். "ஆமாங்கய்யா, ஒட்டுல இருந்து இறக்கினது"ன்னேன். குனிஞ்சு இன்னொரு தடவை பாத்தார். "அதான், இந்த ஒரு பாகத்துல மட்டும் கீழ் வரிசையில புள்ளி உதிர்ந்திருக்கு, பழைய உரசல், நீங்க வாங்கும்போதே இருந்திருக்கும்"னார். சரியா சொன்னார், பார்சல்ல வந்தப்பவே அந்த இடம் அட்டையில உரசி இருந்துச்சு, இத்தனை வருஷத்துல கல்லு மட்டத்துக்குக் கிட்ட இறங்கி இருந்தாலும் அவர் கண்ணுல படாம போகல. ரெண்டாவது இடம் கொடுத்தார். முதல் இடம் மம்மிலேரியாங்கிற இன்னொரு கள்ளிக்கு, தொட்டி நிறைய வெள்ளை மயிரும் உச்சியைச் சுத்தி முழு வளையமா சிவப்புப் பூவும், ஒரு பூகூட வாடல, ஒரு முள்கூட ஒடியல, நானே ஜட்ஜா இருந்தாலும் அதுக்குத்தான் கொடுத்திருப்பேன். அதை வளர்த்தவங்க அம்பத்தூர்ல இருந்து வந்த ஒரு அக்கா, மழைக்காலம் முழுக்க எப்படி வச்சிருந்தாங்கன்னு கேட்டு அரை மணி நேரம் நின்னு பேசினேன், ஜன்னல் ஓரத்துல பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ரெண்டு 24 மணி நேரமும் ஓடுதாம், கரண்ட் போனா பேட்டரில ஓடுற மாதிரி கட்டி வச்சிருக்காங்க. அடுத்த மழைக்கு நானும் அதைச் செய்யப் போறேன், பழைய யுபிஎஸ் பேட்டரி ஒண்ணு ஏற்கனவே எடுத்து வச்சாச்சு.

இப்ப நடக்குற வேலை விதை. ஆஸ்டீரியாஸ் தன் மகரந்தத்துல தானே காய்க்காது, ரெண்டு வேற வேற செடி ஒரே நாள்ல பூக்கணும். மார்ச் வெயில்ல ஷோ செடியும், புயல்ல தப்பிச்சு ஒட்டுல இருக்குற செடியும் ஒண்ணா மொட்டு விட்டுச்சு, மஞ்சள் பூ, நடுவுல சிவப்பு, காலைல பத்து மணிக்கு மேல விரிஞ்சு சாயங்காலம் மூடிடும். மத்தியானத்துல மெல்லிசு பெயின்ட் பிரஷ்ஷால ரெண்டுத்துக்கும் மாத்தி மாத்தி தடவினேன், ரெண்டுலயும் காய் பிடிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆகி காஞ்சு வெடிச்சுச்சு. விதை பெருசா கிண்ணம் மாதிரி பழுப்பா இருக்கும், எறும்பு தூக்கிட்டுப் போறதுக்குள்ள எடுத்துடணும். இந்த விதைக்கு முளைப்புத் திறன் சீக்கிரம் குறையும், அதனால பத்திரப்படுத்தாம உடனே போட்டுட்டேன், மைக்ரோவேவ்ல சூடு பண்ணி ஆற வச்ச பியூமிஸ் தூளும் இலை மக்கும் பாதிக்குப் பாதி, பிரியாணி வர்ற மூடி போட்ட டப்பா, சாஃப் கலந்த தண்ணில நனைச்சு, விதையைப் புதைக்காம மேலயே தூவி, டியூப் லைட்டுக்குக் கீழ. மூணாவது நாளே பச்சை மணி மாதிரி எட்டிப் பாக்க ஆரம்பிச்சாச்சு. பாசி பிடிக்கிற வரைக்கும் மூடியைத் திறக்கறதா இல்ல, திறந்த அப்புறம் கொசு மாதிரி பறக்குற சின்னக் கறுப்பு ஈ உள்ள போகாம மஞ்சள் ஒட்டு அட்டை ஒண்ணு பக்கத்துல வைக்கணும், அதோட புழு நாத்தை அடியோட தின்னுடும். இந்தத் தடவை ஒண்ணைக்கூட ஒட்டுல ஏத்தப் போறதில்ல, எல்லாம் சொந்த வேர்தான்.